சுவரோரம் நின்றவர்கள்

1993 ஜூலையில் கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் படிக்கப் போனபோது, என் தகரப் பெட்டியில் வீட்டார் யோசித்து யோசித்து வைத்தனுப்பிய பொருள்கள் இருந்தன. தாவணிகள், தேங்காயெண்ணெய், கடலை மிட்டாய்ப் பொட்டலம், அய்யா தன் கையாலேயே முகவரி எழுதிக் கொடுத்த இன்லண்டு கடிதங்கள். பாடம் புரியுமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருந்தோம். கல்லூரியில் விழா என்று ஒன்று நடக்கும், அங்கே எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது என்று சொல்லித்தர மட்டும் எங்கள் வீட்டில் ஆளில்லை. பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் கிராமம் எங்களுடையது. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்.

இப்போது தென்மாவட்டத்து அரசுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர் வரவேற்பு விழா நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை உருவாகிறது. கையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளைகள். ‘கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், அந்த விழாவை நடத்தும் பொறுப்பிலும் இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகு, அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வயல்காட்டில், பேருந்தில், தன் தெருவில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அரங்கத்துக்குள் வந்ததும் ஊமையாகிறது என்றால், அரங்கத்தில்தான் ஏதோ இருக்கிறது.

*அன்று*

நான் சேர்ந்தது சென்னையில் பெயர்பெற்ற ஒரு மகளிர் கல்லூரி. விடுதியில் புதியவர்களை வரவேற்கும் விழா ஆகஸ்டில் வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் இரண்டு செய்திகள்: எல்லோரும் கறுப்பு வெள்ளையில் உடுத்தி வர வேண்டும், தலைக்கு இவ்வளவு ரூபாய் தர வேண்டும். எங்கள் வீட்டில் கறுப்புத் துணி எடுக்கும் வழக்கமே கிடையாது. தீபாவளிக்குக்கூடக் கறுப்புக் கலந்த துணி என்றால் அம்மா கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். என்னிடம் இருந்த ஒரே வெள்ளை, பள்ளிக்கூடச் சீருடையின் தாவணி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்த மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி, எதுவும் கேட்காமல் தன் கறுப்பு துப்பட்டாவைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். “நாளைக்குத் தந்தாப் போதும்” என்று மட்டும் சொன்னாள். அந்த அக்காவை நான் இன்றுவரை மறக்கவில்லை.

விழாவில் பாட்டு இருந்தது, ஆட்டம் இருந்தது. பாட்டும் ஆங்கிலம், ஆட்டமும் ஆங்கிலப் பாட்டுக்கு. அந்த ஆண்டுதான் ‘ஜென்டில்மேன்’ படம் வந்து தமிழ்நாடே அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. விடுதி அறைகளில் அந்தப் பாட்டு ஓடாத பொழுதே இல்லை. ஆனாலும் மேடைக்கு வேறொரு ரசனை வேண்டியிருந்தது. யாரும் அதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது பள்ளியிலிருந்தே தெரிந்திருந்தது, மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு விளையாட்டுகள். முதலில் ‘ஜாம்’, அதாவது ஜஸ்ட் எ மினிட். 1967இல் பிபிசி வானொலியில் தொடங்கிய விளையாட்டு அது. கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. நம் ஊர்க் கல்லூரிகளுக்கு வந்தபோது ஆங்கில இலக்கணப் பிழையும் குற்றப்பட்டியலில் சேர்ந்துகொண்டது. பேசுபவரின் பிழையைக் கண்டுபிடித்துக் குறுக்கிட்டால் குறுக்கிட்டவருக்குப் புள்ளி. அன்று சீட்டுக் குலுக்கி முதலாண்டுப் பெண்களை மேடைக்கு அழைத்தார்கள். என் பெயர் வந்தது. நான் வாய்திறந்து முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று கைகள் உயர்ந்தன. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வன்மம் இல்லை என்று அன்றே எனக்குத் தெரிந்தது. விளையாட்டின் விதிப்படி எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்த ஒருத்தியையும், ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படித்த ஒருத்தியையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச்சொல்லும் விதி அது.

சென்னைக் கல்லூரி விழாக்களின் பாணியே அப்போது அப்படித்தான் இருந்தது. பல கல்லூரிகள் அண்ணாந்து பார்த்த ஐஐடி விழாவுக்கு ‘மார்டி கிரா’ என்றுதான் பெயர்; 1990களின் நடுவில்தான் அது ‘சாரங்’ ஆனது. எங்கே போனாலும் ஜாம், டம்ப் ஷராட்ஸ், ஆட் ஸாப், ஷிப்ரெக் என்று அதே போட்டிகள். ஷிப்ரெக்கில் கப்பல் மூழ்கப்போகிறது, உயிர்காக்கும் சட்டை ஒன்றுதான் இருக்கிறது. ஏதேனும் ஒரு பிரபலமாகவோ கதைமாந்தராகவோ மாறி, அதை ஏன் தனக்குத் தர வேண்டும் என்று வாதாட வேண்டும். அருமையான விளையாட்டு. ஆனால் அங்கே வரும் பெயர்கள் ஆங்கில நாவல்களிலிருந்தும் ஹாலிவுட் படங்களிலிருந்தும் வந்தன. அந்தப் பெயர்களை எங்கள் அரசுப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை, கல்லூரியும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத பாடத்தில் வைக்கும் தேர்வு அது.

மேடையிலிருந்து இறங்கி அரங்கின் பின்னால் தண்ணீர்ப் பானை அருகே நின்றேன். அங்கே ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, இன்னும் சிலர். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை. ஒதுங்கி நிற்பவர்கள் தங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொள்ள முடியாதபடி செய்துவிடுவதுதான் அந்த நிலையின் மிகப் பெரிய கேடு. தான் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

சற்று நேரத்தில் சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏத்தா, சும்மாதான நிக்க? இந்த வாளியக் கொஞ்சம் பிடி.” விடுதிச் சமையலில் இருந்த அம்மாக்களில் பாதிப் பேர் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்தவர்கள். அன்று மீதி நேரம் முழுக்க நான் பந்தியில் பரிமாறினேன். எங்கள் ஊர்ப் பேச்சு, எங்கள் ஊர் அதட்டல், எங்கள் ஊர் அக்கறை எல்லாம் அங்கே இருந்தன. “மொதல்ல நீ சாப்பிடு தாயீ” என்று ஒரு அம்மா இலையை என் முன்னால் போட்டார். விழா முழுவதிலும் எனக்கு மூச்சு வந்த இடம் அதுதான்.

அந்த நிம்மதியைப் பற்றிப் பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். அது உண்மையான நிம்மதி. ஆனால் அந்த அம்மாக்கள் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் இல்லை. பட்டம் படிக்க வந்த நான், அந்தக் கட்டடத்தில் எனக்கு உரிய இடம் அடுப்படிதான் என்று பதினேழு வயதில் உணர்ந்தேன் என்றால், அந்த உணர்வுக்குக் காரணமாக இருந்த ஏற்பாடு தவறானது. சமையல்கட்டு எனக்குத் தந்த மதிப்பை அரங்கமும் தந்திருக்க வேண்டும். எனக்கு மட்டுமல்ல, அந்த அம்மாக்களுக்கும்.

கிராமத்தில் எல்லோருக்கும் இடமிருந்தது என்று நான் கதைவிட மாட்டேன். எங்கள் ஊர் முளைப்பாரி விழாவில் சிறுமியிலிருந்து கிழவி வரை ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை உண்டு: முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிப்பது, குலவை போடுவது, கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பது. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர் என்று யாரும் இல்லை. அது உண்மை. சாமி எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடும் என்று ஒரு கோடு இருந்ததும் அதே அளவு உண்மை. விழா என்பது எங்கும் ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள் என்று கேட்கக் கல்வி கற்றவர்களாவது பழக வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் கல்லூரிக் கலைவிழா வந்தது. ‘கிழக்குச் சீமையிலே’ படம் வெளியான காலம். ஒரு குழு கிராமத்து நடனம் ஆடியது. கண்டாங்கிச் சேலையை ஏற்றிச் செருகி, இடுப்பில் குடம் வைத்து, வெற்றிலை போட்டதுபோல வாயை ஒதுக்கி, தென்மாவட்டப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினார்கள். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஆசையோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்க ஊர்ல இப்படித்தானே பேசுவீங்க?” என்று கேட்டாள். என் அம்மாவின் சேலையும் என் அம்மாவின் பேச்சும் அங்கே வேடமாக இருந்தன. ஆங்கிலத்தில் தோற்றபோது வராத வலி அன்று வந்தது. ஒரு மொழியைக் கற்றுக்கொண்டுவிடலாம். தான் பிறந்த வாழ்வே அடுத்தவருக்கு வேடிக்கைப் பொருளாகும்போது கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு மாலையும் அதே கல்லூரியில் எனக்குக் கிடைத்தது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை, ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீனின் 20க்கும் மேற்பட்ட துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழன் கோளில் மோதின. சூரியக் குடும்பத்தின் இரண்டு பொருள்கள் மோதிக்கொள்வதை மனிதர்கள் முன்கூட்டியே கணித்துக் காத்திருந்து பார்த்தது அதுவே முதல் முறை. மோதிய இடங்களில் உண்டான கரும்புள்ளிகள் சிறிய தொலைநோக்கியிலேயே தெரிந்தன. எங்கள் இயற்பியல் மன்றம் மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்தது. மேகம் விலகும் வரை காத்திருந்து, வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பார்த்தோம். பேராசிரியர், மூன்றாமாண்டு அக்காக்கள், விடுதிக் காவலர், சமையல் அம்மாக்கள் எல்லோரும் ஒரே வரிசை. அந்தக் காட்சியை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கவில்லை. எல்லோருக்கும் புதிது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பெரியது என்று சமையல் அம்மா ஒருவர் கேட்க, நான் தமிழில் விளக்கினேன்; பெரும்புள்ளிகள் நம் பூமியை ஒத்த அளவு இருக்கும் என்றேன். பின்னால் நின்ற மாணவிகளும் வந்து கேட்டார்கள். அந்தக் கல்லூரியில் எனக்கு ஒரு குரல் உண்டு என்று நான் அறிந்தது அங்கேதான்.

என் ஆங்கிலமும் உடையும் ஊரும் அந்த ஓராண்டில் பெரிதாக மாறிவிடவில்லை. நிகழ்ச்சியின் அமைப்புதான் வேறு. வரவேற்பு விழா, ஏற்கெனவே உடையவர்களை மேடையேற்றியது. மொட்டை மாடி, எல்லோரையும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்க வைத்தது.

*இன்று*

எவ்வளவோ மாறியிருக்கிறது. 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியாவின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போய்வருகிறார்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருப்போரில் மிகப் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எங்கள் தெருவில் நான் ஒருத்தி என்ற நிலை போய், தெருவுக்குத் தெரு பிள்ளைகள் வருகிறார்கள்.

விழா மேடையும் மாறியிருக்கிறது. மருத்துவ மாணவர் பொன். நாவரசு 1996இல் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997இல் ராகிங்கைத் தடைசெய்து தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. புதியவர்களைக் கட்டாயமாக மேடையேற்றிக் கேலி செய்யும் துணிச்சல் இன்று குறைந்திருக்கிறது. பாட்டும் ஆட்டமும் தமிழுக்கு வந்துவிட்டன. ஒருகாலத்தில் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பறை, இன்று கல்லூரி வாசலில் விருந்தினரை வரவேற்கிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் பல ஆண்டுகளாகப் பறையடித்து ஆடி அந்தக் கருவிக்கு மரியாதை தேடித்தந்தார்கள். மதுரையின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டி நிமிர்ந்து நடக்கும்போது என் மனம் நிறைகிறது. நான் படித்த காலத்தில் இது நினைத்துப்பார்க்க முடியாத காட்சி.

ஆனாலும் பின்சுவர் வரிசை காலியாகவில்லை. கோடு வேறு இடங்களுக்கு நகர்ந்திருக்கிறது.

உடைக் கோடு அப்படியே இருக்கிறது. முன்பு அறிவிப்புப் பலகை, இப்போது வாட்ஸ்அப் குழு. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ‘எல்லோரும் பேஸ்டல் கலர்’ என்று ஒரு செய்தி வரும். இருக்கும் நாலைந்து உடைகளில் அந்த நிறம் இல்லாத பெண் என்ன செய்வாள்? அன்று அவள் வருகைப் பதிவேட்டில் விடுப்பு. காய்ச்சல் என்று காரணம் எழுதியிருக்கும்.

காசுக் கோடு கூர்மையாகியிருக்கிறது. வசூல் ஜிபேயில் நடக்கிறது. பணம் கட்டியவர் பெயருக்கு எதிரே பச்சைக் குறி போட்ட பட்டியல் குழுவில் வருகிறது. அந்தக் காலத்தில் காசு தராதவளை வசூலித்த அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். இன்று வகுப்பு முழுவதற்கும் தெரிகிறது. பட்டியல் போடும் பிள்ளைக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறெதுவும் இருக்காது. குறி விழாத பெயருக்குரிய பிள்ளையின் இரவு எப்படிக் கழியும் என்று பட்டியல் போட்டவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

நேரக் கோட்டை நகரத்துக் கல்லூரிகள் நினைப்பதே இல்லை. மாலையில்தான் டிஜே களைகட்டும். “மேம், நாலரை பஸ்ஸ விட்டா எங்க ஊருக்கு ஏழு மணிக்குத்தான் மேம். அதுவும் சில நாள் வராது” என்று மூன்று மணிக்கே வந்து நிற்கிறார்கள் பெண்கள். ஆண் பிள்ளைகளிலும் பலர் மாலையில் ஜவுளிக் கடைக்கோ பரோட்டாக் கடைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். விழாவின் சிறந்த பகுதியைப் பார்க்காமல் போகிறவர்கள் யார் என்று பட்டியலிட்டால், அது வீட்டு வருமானப் பட்டியலாகவே இருக்கும்.

கேமரா இன்னொரு கோடு. எங்கு திரும்பினாலும் ரீல்ஸ் எடுக்கிறார்கள். தன் படம் வெளியே போனால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார் என்று அஞ்சும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஆட விரும்பாமல் சுவரோரம் போகவில்லை. ஆடினால் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாததால் போகிறார்கள்.

வேடக் கோடும் போகவில்லை. ‘கிராமத்து செட்’ என்று அரங்கின் ஒரு மூலையில் ஓலைக் குடிசை, உரல், முறம், லாந்தர் விளக்கு எல்லாம் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது இப்போது வழக்கம். செய்பவர்களுக்கு அதில் ஆசையும் பெருமிதமும்தான் இருக்கின்றன. ஒரு முதலாண்டு மாணவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: “எங்க வீட்ட எதுக்கு மேம் இங்க செட் போட்டிருக்காங்க?” அவள் வீட்டுக் கூரை இன்னும் ஓலைதான். அவள் அம்மா தினமும் முறத்தில் புடைத்துத்தான் உலை வைக்கிறார். அவளுக்கு அது மலரும் நினைவு அல்ல, காலையில் விட்டுவந்த வீடு.

*செய்ய முடிந்தது*

பிரெஞ்சுச் சமூகவியலாளர்கள் பியர் பூர்தியூவும் ழான் குளோத் பாஸ்ஸரோனும் 1964இல் வெளியிட்ட ‘வாரிசுகள்’ என்ற நூல், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து இயல்பாகப் பெற்றுவரும் ரசனையையும் பேச்சையும் கல்வி நிலையங்கள் பிறவித் திறமையாக எண்ணிப் பாராட்டுகின்றன என்று காட்டியது. அதைப் படித்தபோது ஜாம் மேடை எனக்கு விளங்கியது. அங்கே பாராட்டப்பட்டது திறமைதான். ஆனால் அந்தத் திறமை எங்கே, எந்தச் செலவில் வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. ‘இங்கே எனக்கு இடமில்லை என்ற எண்ணம் புதிதாக வரும் எல்லோருக்கும் வருவது, காலப்போக்கில் குறைவது’ என்று மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாக முதலாண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார்கள். அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறையப் பாதியானது. 2023இல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதே முறையைப் பெரிய அளவில் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது: அந்த மாணவர்கள் சேர்ந்துகொள்ள உண்மையிலேயே வாய்ப்பு இருந்த கல்லூரிகளில்தான் அந்தச் சொல் பலித்தது. ‘தயங்காதே, முன்னால் வா’ என்று பிள்ளையிடம் சொன்னால் மட்டும் போதாது. முன்னால் வந்தால் நிற்க இடம் இருக்க வேண்டும்.

எங்கள் துறையில் வரவேற்பு விழாவை அந்த எண்ணத்தோடு மாற்றியமைத்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. யாரும் பேருந்தைத் தவறவிடுவதில்லை. வசூல் கிடையாது, செலவைத் துறை மன்றமும் ஆசிரியர்களும் ஏற்கிறோம். உடைக்கு நிறம் கிடையாது. குறிப்பிட்ட நேரம் தவிர மற்ற வேளையில் கைப்பேசி பைக்குள் இருக்கும். யாரையும் பெயர் சொல்லி மேடைக்கு இழுப்பதில்லை.

வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறோம். இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். இல்லையென்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாற்காலி தூக்குவதும் பரிமாறுவதும், ஆங்கிலவழிப் பிள்ளைகள் மைக் பிடிப்பதும் தானாகவே நடந்துவிடும். சீட்டில் நாற்காலி வந்தவர் நாற்காலி போட வேண்டும், தொகுப்புரை வந்தவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ தனக்கு வருகிற மொழியில் பேச வேண்டும். துணைக்கு ஒரு மூத்த மாணவர் இருப்பார். ஒருமுறை ஒலிபெருக்கி இரைச்சலிட்டு நின்றுவிட்டது. பின்சுவரில் சாய்ந்திருந்த ஒரு பையன் வந்து, இணைப்புகளை மாற்றி, இரைச்சலை நிறுத்தினான். அவன் மாமா ஊரில் ரேடியோ செட் வைத்திருக்கிறார். சிறுவயதிலிருந்து கோயில் கொடைகளுக்கு அவரோடு போய்க் கற்றது. அதற்குப் பின் மூன்றாண்டும் எங்கள் ஒலியமைப்பு அவன் கையில் இருந்தது. ஒலி ஏன் திரும்பி வந்து இரைகிறது என்ற இயற்பியலை வகுப்பில் விளக்கியவனும் அவன்தான்.

மேடை நிகழ்ச்சிக்கு முன்னால் எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மூத்த மாணவர் தன் முதல் சில மாதங்களைப் பற்றிப் பேசுவார்: எந்த வகுப்பு புரியவில்லை, யாரிடம் பேசத் தயங்கினார், எப்போது லேசானது. பிறகு எல்லோரும் அட்டைப் பெட்டியும் பழைய சிடியும் கொண்டு ஒரு நிறமாலை காட்டி செய்கிறார்கள். டியூப் லைட்டைப் பார்த்தால் பாதரசத்தின் பச்சை, நீலக் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். எந்த வீட்டிலும் யாரும் இதைச் செய்திருப்பதில்லை. “எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுதா?” என்ற கேள்வியில் பேச்சு தொடங்கிவிடுகிறது. அதற்கப்புறம் பாட்டு வைத்தால் ஆடுகிற கூட்டம் பெரிதாக இருக்கிறது.

இதற்குப் பிறகும் தனியே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சிலருக்குத் தனிமை பிடிக்கும். ஓரமாக இருந்து பார்ப்பதிலேயே அவர்களுக்கு மகிழ்ச்சி. அவர்களை இழுத்து வந்து ஆடவைப்பதும் ஒரு வன்முறைதான். விரும்பி ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு நாற்காலியும் அமைதியும் கொடுத்தால் போதும். ஒதுக்கப்பட்டு ஓரத்துக்குப் போனவருக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம். இருவரையும் பிரித்தறிய அருகில் போய்ப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது இது: விழாவில் நின்ற இடத்தில் கால் கூசினால், அது உன் அறிவையோ ஆளுமையையோ பற்றிய தீர்ப்பு இல்லை. அந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்டவர்கள் உன்னை நினைத்துப்பார்க்கவில்லை, அவ்வளவுதான். உன் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருப்பவரிடம் பெயர் கேள், ஊர் கேள். நாங்கள் அன்று அதைச் செய்திருந்தால் அந்த இரவே எங்களுக்கு நாலு தோழிகள் கிடைத்திருப்பார்கள்.

விழா நடத்தும் என் சக ஆசிரியர்களிடமும் மூத்த மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விழா முடிந்ததும் கூட்டம் எவ்வளவு, பரிசு எத்தனை என்று கணக்கெடுக்கிறோம். யார் வரவில்லை, யார் பாதியில் கிளம்பினார்கள், ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்போம். பேருந்தா, உடையா, காசா, மொழியா, கேமராவா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஓர் ஆசிரியர் கூட்டத்தில், ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை. அந்தப் பதில்களை வைத்து அடுத்த ஆண்டின் விழாவைத் திட்டமிடுவோம். இந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர இந்த மாநிலம் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. அரங்கத்துக்குள் அழைத்துவந்து உட்காரவைப்பது நம் வேலை.